உங்களுக்குத் தெரியுமா? – அயல்நாட்டு உதவியும் ஊர் வாய்க்காலும்

அணை கட்டப் பணம் தந்த நாடு எது என்று கல்வெட்டு சொல்லிவிடும். இருபது வருடம் கழித்து அதன் மதகை யார் திறக்கிறார்கள், வாய்க்காலில் யார் தூர் வாருகிறார்கள், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்று எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. இந்த முறை துணுக்குகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

● ஆப்கானிஸ்தானில் ஜலாலாபாத் அருகே ஒரு வறண்ட வெளியை வயலாக மாற்றிய ஜப்பானியர் ஒரு மருத்துவர். பெயர் டெட்சு நகமுரா. ஃபுகுவோகாவில் 1946-இல் பிறந்தவர். தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை தர 1984-இல் பெஷாவருக்குப் போனார். 2000-இல் ஆப்கானிஸ்தானைப் பெரும் வறட்சி பிடித்தது. நல்ல தண்ணீரும் போதிய உணவும் இல்லாமல் சுருண்டு வரும் குழந்தைகளுக்கு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. முதலில் கிணறுகள் தோண்டினார். 2003-இல் குனார் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டத் தொடங்கினார். அதற்குத் தேவையான கணக்கை மகளின் பள்ளிப் பாடப்புத்தகத்திலிருந்து திரும்பப் படித்தார்.

அவர் தேர்ந்தெடுத்த முறைதான் கவனிக்க வேண்டியது. அணைக்கு மாதிரி தேடி ஜப்பானின் நவீன அணைகளிடம் அவர் போகவில்லை. ஃபுகுவோகா மாநிலத்தின் சிகுகோ ஆற்றில் 1790-இல், இயந்திரம் எதுவும் இல்லாத காலத்தில், கல்லைப் பரப்பிக் கட்டிய யமாதா தடுப்பணையை மாதிரியாக எடுத்துக்கொண்டார். கால்வாய்க் கரைக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பாமல், கம்பிவலைக் கூடைகளில் கல்லை நிரப்பி அடுக்கினார். பின்னால் வில்லோ கன்றுகளை நட்டார். அவற்றின் வேர்கள் கற்களுக்குள் புகுந்து கரையைப் பிணைத்துக்கொண்டன. உடைந்தால் ஊர்க்காரரே, பக்கத்து மலைக் கல்லை வைத்தே சரிசெய்ய வேண்டும். அதுதான் அவர் போட்ட கணக்கு. அங்குள்ள விவசாயிகள் வீட்டுச் சுவரையும் வரப்பையும் கல் அடுக்கியே கட்டிப் பழகியவர்கள். கூடை பின்னுவதைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு நாளாகவில்லை. துப்பாக்கி தூக்கியவர்களும் தினக்கூலிக்கு வந்து கல் தூக்கினார்கள்.

சுமார் 25 கிலோமீட்டர் கால்வாய் 2010-இல் முடிந்தது. பிற்பாடு செய்த மற்ற வேலைகளையும் சேர்த்துப் பாசனம் பெற்ற நிலம் ஏறக்குறைய 16,500 ஹெக்டேர். 2019 டிசம்பர் 4 அன்று ஜலாலாபாத்தில் நகமுராவையும் உடனிருந்த ஐவரையும் சுட்டுக் கொன்றார்கள். அவரோடு வேலை பழகிய ஆப்கானியர் அதன் பிறகும் கால்வாய்ப் பணியைத் தொடர்ந்தார்கள். வெளிநாட்டு உதவியில் வெற்றி என்று நான் நம்புவது இதை.

● அதே ஆப்கானிஸ்தான், நகமுரா கால்வாய் வெட்டத் தொடங்குவதற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பு. ஹெல்மண்ட் பள்ளத்தாக்கைப் பச்சையாக்க 1946-இல் அமெரிக்காவின் மாரிசன் நட்சன் நிறுவனத்தோடு காபூல் அரசு ஒப்பந்தம் போட்டது. பின்னர் அமெரிக்க அரசின் உதவிப் பணமும் வந்தது. 1953-இல் கஜாக்கி அணை எழுந்தது. லஷ்கர் கா நகரில் அமெரிக்கப் பாணி வீடுகளும் தெருக்களும் வந்ததால், அதைக் குட்டி அமெரிக்கா என்றே அழைத்தார்கள். ஆனால் தண்ணீரைக் கொண்டுவரக் காட்டிய அக்கறை, மிஞ்சிய தண்ணீரை வடிப்பதில் இல்லை. வடிகால் செலவைத் தள்ளிப்போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே நிலத்தடி நீர் மேலே ஏறியது, உப்புப் பூத்தது, புதிதாகக் குடியேறியவர்களின் வயல்கள் வெளுத்துப்போயின. ஆடு மேய்த்து வாழ்ந்த நாடோடிக் குடும்பங்களைக் கொண்டுவந்து பாசன விவசாயிகள் ஆக்கியதும் அங்கேதான். அவர்களுக்கு நீர் கட்டும் பழக்கம் வர என்ன செய்தார்கள் என்று பார்த்தால், கான்கிரீட்டுக்குச் செலவிட்டதில் ஒரு சிறு பங்குகூட அதற்கு இல்லை.

● இதே மாரிசன் நட்சன் நிறுவனம்தான் இலங்கையின் கிழக்கே கல்லோயா அணையையும் கட்டியது. அந்த நீர்த்தேக்கம் சேனாநாயக்க சமுத்திரம். சுதந்திரம் கிடைத்த கையோடு தொடங்கிய பெரும் குடியேற்றத் திட்டம் அது. இடதுகரை வாய்க்கால்கள் முப்பதே ஆண்டுகளில் சீரழிந்தன. கதவுகள் உடைந்தன, தலைப்பில் இருப்பவர் வேண்டிய மட்டும் எடுத்தார், கடைசி வயலுக்குச் சிறுபோகத்தில் தண்ணீரே இல்லை. தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றக்காரர்கள், கடைசியில் தமிழ் பேசும் கமக்காரர்கள், அதாவது விவசாயிகள். பிரச்சினை தண்ணீரோடு நிற்கக்கூடிய இடமல்ல அது.

1979-இல் அமெரிக்க உதவியுடன் சீரமைப்புத் திட்டம் வந்தது. இம்முறை கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு புதிய காரியம் செய்தன. படித்த இளைஞர்களையும் இளம்பெண்களையும் அமைப்பாளர்களாகப் பயிற்றுவித்து, 1981-இல் ஊர்களுக்குள்ளேயே தங்கவைத்தார்கள். அவர்கள் சங்கம் தொடங்கும்படி யாரையும் அவசரப்படுத்தவில்லை. வீடு வீடாகப் போய்க் குறை கேட்டார்கள். ஒரு வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து குடும்பங்களை முதலில் சேர்ந்து வேலை செய்ய வைத்தார்கள். தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காமல், எல்லோரும் பேசி ஒத்துக்கொண்ட ஒருவரை வைத்தார்கள்.

அந்த ஆண்டு சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் கால்வாசிதான் நிறைந்திருந்தது. கட்சி, இனம் என்று பிளந்து கிடந்த இடம் என்பதால் அதிகாரிகள் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. சில வாரங்களில் கமக்காரர்கள் பல ஆண்டாய்த் தூர்ந்த வாய்க்கால்களைத் தாங்களே துப்புரவு செய்தார்கள். முறை வைத்துப் பாய்ச்சினார்கள். மிச்சம் பிடித்த தண்ணீரைக் கடைசி வயல்களுக்கு விட்டார்கள். நாடு இனப்போரில் எரிந்த ஆண்டுகளிலும் அந்த அமைப்புகள் கலையவில்லை. 1997-இல் தண்ணீர் ஒரு சிறு பகுதி நிலத்துக்கே போதும் என்று அதிகாரிகள் சொன்னபோது, எல்லோருக்கும் பங்கிட்டு முழு நிலத்திலும் பயிர் வைக்கிறோம் என்று கமக்காரர்கள் பொறுப்பேற்றார்கள். நல்ல விளைச்சலும் எடுத்தார்கள். கோர்னெல் பேராசிரியர் நார்மன் உப்ஹாஃப் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். அவர் பெயரை நினைவில் வையுங்கள், இன்னொரு துணுக்கில் வருவார்.

● மதுரு ஓயாவில் கனடா நாட்டு உதவியோடு நவீன அணை கட்டத் தோண்டிய இடத்தில், பழங்கால அணைக்கரையும் அதன் கல் மதகும் வெளிப்பட்டன. இன்றைய பொறியாளர்கள் அளந்து தேர்ந்த அதே இடத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உள்ளூர்க் கைகள் தேர்ந்திருந்தன.

● கடன் கொடுப்பவராகவே நாம் அறிந்த ஜப்பான், ஒரு காலத்தில் பாசனத்துக்கு உலக வங்கியிடம் கடன் வாங்கிய நாடு. 1957-இல் வாங்கிய 70 லட்சம் டாலர் கடன் அய்ச்சி கால்வாய்க்குப் போயிற்று. அமெரிக்க ஆலோசகர்களும் வந்தார்கள். ஆனால் அந்தக் கால்வாய் வேண்டும் என்று அதற்குப் பல ஆண்டு முன்பே ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டியவர்கள் குனோ ஷோதாரோ என்ற விவசாயியும் ஹமாஜிமா டாட்சுவோ என்ற ஆசிரியரும். ஆலோசகர்கள் வந்தபோது கேட்கவும் வாதாடவும் ஊரில் ஆட்கள் தயாராக இருந்தார்கள். 1961-இல் தண்ணீர் பாய்ந்தது. ஜப்பான் நிறுவனங்கள் அந்த வேலையிலும் பெரிய மண்வேலை இயந்திரங்களைக் கையாளப் பழகின.

● தைவான் இன்னும் வேகம். 1948-இல் அமெரிக்கப் பணத்தோடு தொடங்கிய கூட்டுக் கிராமப் புனரமைப்புக் குழுவிடமிருந்து உதவி பெற்ற நாடு, 1961-இலேயே தன் விவசாயக் குழுவை ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பி நெல் சாகுபடி கற்றுக்கொடுத்தது.

● தைவான் விவசாயக் குழு ஒன்று 1966-இல் காம்பியா நாட்டுக்கும் போனது. பிறகு உலக வங்கி, சீனா, ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதியம் என்று வரிசையாக வந்தார்கள். எல்லோரும் காம்பியா ஆற்றங்கரையில் பம்பு வைத்து நெல் விளைவிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதில் ஒரு பெரும் கோளாறு. காம்பியாவில் சதுப்பு நிலத்தில் நெல் பயிரிடுவது தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் தொழில். விதையும் நீரும் அறிந்தவர்கள் அவர்களே. தொடக்கக் குழுக்கள் பயிற்சியையும் கடனையும் ஆண்களுக்குக் கொடுத்தன. 1984-இல் தொடங்கிய ஜஹாலி பச்சார் திட்டம் இந்தத் தவற்றைத் திருத்தப் பார்த்தது. வயல்கள் பெண்கள் பெயரில் பதிவாயின. நடைமுறையில் அவை குடும்பத் தலைவரின் கட்டுப்பாட்டுக்குப் போயின. இரண்டு போகம் என்றானதும் பெண்களின் உழைப்பு இரட்டிப்பானது, கையில் வந்த வருமானம் அப்படி ஆகவில்லை. பல பெண்கள் கூலி கேட்டுப் போராடினார்கள். கிடைக்காத இடத்தில் வயலுக்கு வர மறுத்தார்கள். யாருக்குத் தெரியுமோ அவரைக் கேட்காமல் நடத்திய பயிற்சி எத்தனை கோடி செலவானாலும் வீண் என்பேன்.

● பாலித் தீவில் நெல்வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் அமைப்பு சுபாக். ஒரே மதகில் தண்ணீர் எடுப்பவர்கள் ஒரு சுபாக். பல சுபாக்குகள் நீர்க்கோயிலில் கூடி, யார் எப்போது நடவு செய்வது, எப்போது தரிசு விடுவது என்று முடிவு செய்வார்கள். 1970-களில் பசுமைப் புரட்சி வந்தபோது, காத்திருக்காமல் போகத்துக்குப் போகம் நடுங்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. 1979-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் பாசனத் திட்டமும் சேர்ந்துகொண்டது. கோயில் முறைகளைச் சடங்கு என்று ஒதுக்கினார்கள். விளைவு, ஒருபுறம் தண்ணீர்த் தட்டுப்பாடு. மறுபுறம் புகையான் பூச்சியும் துங்ரோ நோயும்.

ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர், ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரோடு சேர்ந்து இதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒரே சமயத்தில் அறுவடை முடிந்து தரிசாகும்போது பூச்சிக்குத் தீனி அற்றுப்போகிறது. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. இரண்டுக்கும் நடுவே எத்தனை சுபாக் சேர்ந்து நட வேண்டும் என்ற அளவை நீர்க்கோயில்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தன. பிற்பாடு வங்கியின் மதிப்பீடும் இதை ஏற்றது. 2012-இல் யுனெஸ்கோ சுபாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

● கான்கிரீட் தலைமதகு கட்டிக்கொடுத்தால் பாசனம் கெட்டுப்போகுமா? நேபாளத்தில் கெட்டிருக்கிறது. எலினோர் ஆஸ்ட்ரமும் வாய் ஃபங் லாமும் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டார்கள். அரசு கட்டி நடத்தியவற்றைவிட, மண்ணும் கல்லும் மரக்கிளையும் போட்டு விவசாயிகளே நடத்தியவை கடைமடைக்கு அதிகத் தண்ணீர் கொண்டுசேர்த்தன; விளைச்சலும் அங்கே கூடுதல்.

காரணம் எளிது. மலையாற்றில் மரமும் கல்லும் போட்ட தடுப்பு ஒவ்வொரு மழைக்கும் அடித்துப் போகும். அதைத் திரும்பக் கட்டத் தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் கை தேவை. அதனால் அவருக்குத் தண்ணீர் விடாமல் இருக்க முடியாது. வெளிநாட்டுப் பணத்தில் உடையாத கான்கிரீட் மதகு வந்ததும் கடைமடைக்காரர் தேவையற்றவர் ஆகிறார். அவர் பங்கும் சுருங்குகிறது. நம் குடிமராமத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மதகைக் கட்டாதே என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கட்டுவதற்கு முன், பங்கு என்ன, உழைப்பு யாருடையது, கணக்கு யாரிடம் என்று எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார்; அப்பரிசை வாங்கிய முதல் பெண் அவர்.

அதே நேபாளத்தில் 1980-களில் இந்திராவதி ஆற்றுப் பகுதியில் நடந்த ஒரு திட்டம் இதற்கு நேர்மாறான பாடம். சர்வதேச நீர்ப்பாசன மேலாண்மை நிறுவனமும் நேபாள அரசு அமைப்பும் சேர்ந்து 19 சிறு வாய்க்கால்களுக்கு உதவின. நிபுணர் உரைகளோடு நிறுத்தாமல், நன்றாக நடக்கும் வேறு ஊர் வாய்க்கால்களுக்கு விவசாயிகளையே அழைத்துப் போனார்கள். அங்குள்ள விவசாயிகள்தான் ஆசிரியர்கள். கட்டுமானச் செலவையும் சங்கத்தையே செய்ய விட்டார்கள்.

● புர்கினா ஃபாசோவின் யாத்தெங்கா பகுதியில், 1979-இல் ஆக்ஸ்ஃபாம் தொடங்கிய திட்டத்தின் மிக முக்கியமான கருவி, நம்மூர்க் கொத்தனார் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் அதே கண்ணாடி டியூப். இது வாய்க்கால் பாசனம் இல்லை, மழைநீரை வயலில் நிறுத்தும் வேலை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நிலத்தில் வரிசையாகக் கல் வைத்து ஓடும் நீரைத் தடுப்பது அங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததே. சரிவு மிகக் குறைவாக இருந்ததால் சமமட்டக் கோடு கண்ணுக்குப் பிடிபடவில்லை. டியூப் அதைக் காட்டிக்கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் பழகிக்கொண்டார். பழகியவர் அடுத்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

● வங்கதேசத்தின் ரங்பூரில் 1980 வாக்கில் குன்னார் பார்ன்ஸ் என்ற நார்வே பொறியாளர் காலால் மிதித்து இறைக்கும் பம்பை உருவாக்கினார். இரண்டு உருளை, இரண்டு மிதிகட்டை. மிதிகட்டைக்கும் குழாய்க்கும் மூங்கில். உள்ளூர்ப் பட்டறைகளே செய்து விற்றன. பழுதானால் சந்தையில் பாகம் கிடைத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புகள் விற்றன. இனாமாகக் கொடுக்காமல், ஏழையும் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார்கள். பட்டறைக்காரருக்கும் கடைக்காரருக்கும் குழாய் இறக்குபவருக்கும் அது பிழைப்பானது.

● நம் ஊர்களில் திருந்திய நெல் சாகுபடி என்று சொல்லும் முறை மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஹென்றி த லொலானியே என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் 1961-இல் அத்தீவுக்குப் போனார். உள்ளூர் விவசாயிகள் செய்வதைக் கூர்ந்து பார்த்து, பலித்தவற்றைக் குறித்துக்கொண்டே வந்தார். 1983-இல் மழை தவறியதால் 15 நாள் நாற்றையே நட நேர்ந்தது. அந்தப் பயிர் யாரும் எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. இளநாற்று, குத்துக்கு ஒன்று, அகல இடைவெளி, காயவிட்டுப் பாய்ச்சல் எல்லாம் சேர்ந்து ஒரு முறையானது. அதை மடகாஸ்கருக்கு வெளியே கொண்டுபோனவர் கல்லோயாவில் நாம் சந்தித்த அதே உப்ஹாஃப். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோதித்துப் பார்த்துத் தாமிரபரணி, காவிரிப் பாசன வயல்களில் செய்து காட்டியது. 2007-இல் தொடங்கிய உலக வங்கியின் நீர்வள நிலவளத் திட்டம் அதைப் பல உபவடிநிலங்களுக்குக் கொண்டுபோனது. கயிறு பிடித்துச் சதுரமாக நடவும் கோனோவீடர் ஓட்டவும் பழகிய நடவாட்கள் இல்லாத ஊரில் அது நிலைக்கவில்லை. ஆட்களைப் பழக்கிய ஊரில் நின்றது.

● மாலி நாட்டின் நைஜர் ஆற்றுப் பாசனத்தை 1932-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கினார்கள். பெரிய தடுப்பணை மார்க்கலாவில் 1947-இல் முடிந்தது. பல பத்தாண்டுகள் விவசாயிகள் அங்கே குத்தகைக் கூலிகள்போல் வைக்கப்பட்டார்கள். நெல் ஹெக்டேருக்கு 2 டன்னைத் தாண்டவில்லை. 1980-களில் நெதர்லாந்து, பிரான்சு உதவியோடு வாய்க்கால் சீரானது; நாற்று நடவு வந்தது; சிறு கதிரடிக்கும் இயந்திரங்களை ஊர்ச் சங்கங்களே வாங்கின; நெல் விற்கும் கட்டுப்பாடும் தளர்ந்தது. விளைச்சல் 5 டன் வரை ஏறியது. நீர்க்கட்டணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் விவசாயிகளுக்கும் நாற்காலி கிடைத்தது.

● கல்லணையைப் பார்த்துத்தான் ஆழம் காணாத மணலில் அடித்தளம் இடக் கற்றுக்கொண்டோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதியே வைத்திருக்கிறார். முக்கொம்பில் 1836-இல் அணை கட்டிய கை, பிறகு கோதாவரியில் தௌளேஸ்வரம் அணையை எழுப்பியது. அறிவைக் கொடுத்தவர் இங்கே உள்ளூர்க்காரர்.

● வெளிநாட்டுத் திட்டங்கள் நம் ஏரிகளுக்கும் வந்திருக்கின்றன. 1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் நிதியில் ஏரிகள் நவீனமாக்கப்பட்டன. அதன் பிறகு உலக வங்கித் திட்டங்கள். திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் கூட்டுறவோடு காய்கறி மகத்துவ மையம் நடக்கிறது. தளியில் கொய்மலர் மையம். தமிழ்நாடு பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்வதற்கான சட்டம் 2000-இலேயே வந்துவிட்டது. உங்கள் ஊர் ஏரிக்கு அடுத்த திட்டம் வரும்போது சிமென்ட் மூட்டைக் கணக்கோடு இன்னும் மூன்று கேளுங்கள்: மதகு இயக்கப் பயிற்சி யாருக்கு? பராமரிப்புப் பணம் எந்தக் கணக்கில்? கடைமடைக்காரர் யாராவது குழுவில் இருக்கிறாரா? உங்கள் பகுதியின் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கக் கூட்டம் எப்போது என்று விசாரித்து, அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள்.